துப்பாக்கிக் குழலில் நான் பதித்த எண்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆறாவது படிக்க அரூருக்கு அனுப்பினார்கள். அரூருக்குப் போனேன், பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வழியில் ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. அதன் வாசலில் நின்று, இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்தவன் பார்த்தவன்தான். இன்றைக்கு அதே ஊரில் எனக்குச் சொந்தப் பட்டறை. நாலு லேத்து, மூன்று வெல்டிங் செட், மெருகு போடும் சக்கரம், வேலைக்கு ஆட்கள். டிராக்டர் கலப்பை, பம்புசெட் மோட்டார், போர்வெல் வண்டியின் தண்டு என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் முடியாது என்று நான் சொன்னதில்லை. இன்ஜினியரிங் படித்தவர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் இரும்புக் கேட்டு நான் இலவசமாகச் செய்து கொடுத்தது. அதன் உச்சியில் 'உபயம்' என்று தகட்டில் வெட்டி, கீழே என் பெயரையும் வெட்டி, நானே பற்றவைத்தேன்.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான். என்னிடம் படிப்பு இல்லை. பெருமை ஒன்றுதான் நான் சேர்த்த சொத்து. அதை வைத்துக்கொண்டு என் அண்ணனுக்கு நான் என்ன செய்தேன் என்பதை எழுதிவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் சொல்வது எனக்கு நல்ல பெயர். அதனால்தான் உறுத்துகிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருந்தது. தாத்தா வாங்கியது. ஒற்றைக் குழல். தோட்டா போடுகிற வகை அல்ல; குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, பின்பக்கம் தீப்பொறி கக்குகிற சின்னக் கேப்பு ஒன்றை மாட்டிச் சுடுவது. விசையை இழுத்தால் குதிரை என்கிற சின்னச் சுத்தி பாய்ந்து கேப்பில் அடிக்கும். அந்தக் குதிரையைப் பாய வைப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டை வில். தாத்தா காலத்தில் அதைக்கொண்டு முயலும் பன்றியும் அடித்திருக்கிறார்கள். அப்பா காலத்திலேயே அதெல்லாம் நின்றுவிட்டது. பிறகு அதற்கு மிச்சம் இருந்தது இரண்டே வேலை. ஒன்று, நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெறும் வெடி. இன்னொன்று, பொங்கலுக்கு மூன்றாம் நாள் பாரி வேட்டை.

பாரி வேட்டை எங்கள் ஊரில் சாமி வேட்டைக்குப் போகிற நாள். முன்பு ஊரே வலையும் தடியுமாக ஊருக்கு மேலே இருக்கும் கரட்டுக்குப் போகும். இப்போது வனத்துறை விடுவதில்லை, சரியும்கூட. ஆனாலும் சாமியை எல்லை வரை தூக்கிக்கொண்டு போவோம். எல்லைக் கல்லில் எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஒருமுறை வெடிக்க வேண்டும். குண்டு கிடையாது, மருந்து மட்டும். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். அந்தச் சத்தம் கேட்டால்தான் சாமி ஊருக்குள் திரும்பும். அதன் பிறகுதான் வீடுகளில் உலை வைப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு உரிமம் அண்ணன் பெயரில். அதனால் சுடுவதும் அண்ணன்தான். பேச்சு அதிகம் இல்லாத மனிதர், ஊர்க் கூட்டத்தில் கடைசியில் உட்காருகிறவர். வருசத்துக்கு ஒரு நாள் அவர் முன்னால் நடந்து போவார், ஊர் பின்னால் போகும்.

அண்ணன் அந்தத் துப்பாக்கியைப் பராமரித்த விதத்தைச் சொல்ல வேண்டும். கரிமருந்து சுட்ட குழலை அன்றைக்கே கழுவாவிட்டால் உள்ளே உப்புப் பூத்து இரும்பைத் தின்றுவிடும். பாரி வேட்டை முடிந்து ஊரே கறிச்சோறு சாப்பிடும்போது அண்ணன் அடுப்பில் வெந்நீர் வைத்திருப்பார். கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கம்பியில் துணி சுற்றி இழுப்பார். முதல் துணி தார் மாதிரி வரும். துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் இழுப்பார். வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு பூச்சு. கட்டைக்குப் புங்கெண்ணெய். பிறகு பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள். குழலின் நிறம் கருஞ்சிவப்பு, நன்றாகக் காய்ந்த புளியங்கொட்டை மாதிரி. அதை அவர் ஒருநாளும் பளபளக்க விட்டதில்லை.

"கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெக்கிற மாதிரி வெக்கிறயேண்ணா" என்று நான் கேலி பேசுவேன்.

"நலங்கு வெச்சாத்தான்டா அடுத்த வருசம் வாயத் தொறக்கும்" என்பார்.

இன்னொன்று. குழலின் அடிப்பக்கம், குதிரைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு எண் இருந்தது. அந்தக் காலத்து ஆள் யாரோ உளி வைத்துக் கையால் வெட்டியது. மெல்லிசாக, ஒரு பக்கம் சாய்ந்த எழுத்து. உரிமப் புத்தகத்திலும் அதே எண். இரண்டும் ஒத்துப் போனால் அது உரிமத் துப்பாக்கி, ஒத்துப் போகாவிட்டால் கள்ளத் துப்பாக்கி. எங்கள் மாவட்டத்தில் கள்ளத் துப்பாக்கி என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சில வருசங்களுக்கு முன் ஒரு பாரி வேட்டையில் அது வெடிக்கவில்லை. அண்ணன் எல்லைக் கல்லில் நின்று விசையை இழுத்தார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி குதிரையை மடக்கி இழுத்தார். டக். மூன்றாவது கேப்பில்தான் வெடித்தது. கூட்டத்தில் எவனோ, "பெருசு, பேட்டரி போயிருச்சா பாரு" என்றான். சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் விழாக் குழுத் தலைவர். எங்கள் வீட்டுத் துப்பாக்கி எல்லோருக்கும் முன்னால் டக் என்றால் அது என் முகத்தில் விழுந்த மாதிரி.

அன்றைக்கே வீட்டில் கழற்றிப் பார்த்தோம். வில் தளர்ந்துபோய்க் கிடந்தது.

"சேலத்துல லைசென்ஸ் வெச்சு ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இருக்காருடா" என்றார் அண்ணன். "ஸ்டேஷன்ல ஒரு எழுத்து எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போவணும். தை கழியட்டும், போறேன்."

"சேலத்துக்காரனுக்கு மூணு கையாண்ணா? ஒரு துண்டு வில்லு. எங்கிட்டக் குடு."

"மத்தவங்க கைல குடுக்கக் கூடாதுடா. லைசென்சு எம்பேர்ல இருக்குது."

"நான் மத்தவனா?"

இப்படிக் கேட்டால் அண்ணன் என்ன சொல்வார்? கோணிப்பையில் சுற்றி என் வண்டியில் வைத்தார். அவர் வாயை அடைப்பதற்கென்றே கேட்ட கேள்வி அது. எனக்கு அப்போதே தெரியும்.

வில் வேலையை நான் நன்றாகச் செய்தேன். இதை மட்டும் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். மரம் அறுக்கிற மில்லின் பழைய வாள் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, அரம் போட்டு, வளைத்து, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். முதல் வில் ஒடிந்தது. இரண்டாவது மடங்கிவிட்டது. மூன்றாவதை மறுபடி இளஞ்சூட்டில் பிடித்து, நாவல்பழ நீலம் ஏறுகிற அந்த நொடியில் எடுத்தேன். மாட்டிப் பார்த்தால் குதிரை பாய்கிற பாய்ச்சல் பட்டறை முழுக்கக் கேட்டது. வேலை செய்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். குழலைப் பார்த்தேன். அந்தக் கருஞ்சிவப்பு எனக்குத் துருவாகத் தெரிந்தது. என் பட்டறையில் இருந்து ஒரு சாமான் இப்படியா வெளியே போவது என்று தோன்றியது. எமரிச் சக்கரத்தில் பிடித்தேன். உள்ளிருந்து வெள்ளை இரும்பு எழுந்து வந்தது. அதைப் பார்த்தவுடன் எனக்குக் கை நிற்கவில்லை. அங்கங்கே பள்ளமாக இருந்த புள்ளிகள் போக இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிறகு துணிச் சக்கரத்தில் மெருகு. புது புல்லட் வண்டியின் சைலன்சர் மாதிரி ஆகிவிட்டது.

என் பட்டறை மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். என்னோடு ரொம்ப வருசம் இருப்பவர். "மொதலாளி, அடியில நம்பரு போவுதுங்களே."

"போனா வெச்சுக்கலாம்."

எண் மங்குவதை நான் பார்க்கவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் தேய்த்தேன். எங்கள் தொழிலில் அது பெரிய விசயம் இல்லை. பம்புசெட் மோட்டாரில் எண் தேய்ந்து போனால் பஞ்சு என்கிற இரும்பு அச்சை எடுத்துச் சுத்தியால் தட்டிப் புதிதாகப் பதிப்போம். அதைப் போலவே, உரிமப் புத்தகத்தின் நகலைப் பார்த்து, ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பதித்தேன். ஆழமாக, நேராக, கட்டைகட்டையாக. ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. துப்பாக்கிக்கும் மோட்டாருக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அல்ல நான். ஆனால் என் கையில் வந்த பிறகு எல்லாம் எனக்கு இரும்புதான்.

அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. திருப்பி, அடியில் கட்டைவிரலை வைத்துத் தடவினார்.

"ஏன்டா, நம்பரு?"

"பழசு தேஞ்சி கெடந்துச்சுண்ணா. இப்பப் பாரு, கண்ணாடி போடாமப் படிக்கலாம்."

அவர் விரல் அந்த எழுத்துகளின் மேல் இரண்டு தடவை போய் வந்தது. "நெறையா வேலை பண்ணியிருக்கற" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பாரி வேட்டையில் முதல் இழுப்பிலேயே வெடித்தது. கரடு எதிரொலித்தது. வெயிலில் குழல் மின்னியது, ஆட்கள் போனில் படம் எடுத்தார்கள். எனக்குத் துண்டு போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, "சேலத்துக்குப் போவ வேண்டியத இங்கயே முடிச்சம்" என்று பேசினேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார், வெந்நீர் வைக்க.

அதற்குப் பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் வழக்கமாகப் பேருந்தில் போவார். அந்தமுறை நான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். என் கேட்டுக்குள் நுழைந்தோம். என்னைப் பார்த்ததும் ஒரு காவலர் நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். அண்ணன் மேசைக்கு முன்னால் நின்றார். டீ வந்தது, எனக்கு.

ஆயுதங்களைப் பார்த்து வாங்கியவர் ஒரு ஏட்டு. புதிதாக மாறுதலில் வந்தவர் போல. அவர் குழலைத் திருப்பினார், ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், புத்தகத்தைப் பார்த்தார், பழைய ரசீது நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"பெரியவரே, இது யாரு பதிச்ச நம்பரு?"

அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எண் சரியாத்தான் இருக்குது. எழுத்து சரியில்ல. இது டிராக்டர்ல அடிக்கிற எழுத்து. பழைய நம்பர் எங்க? குழலையே தேச்சிருக்கறாங்க. இது நீங்க போன தடவ குடுத்த துப்பாக்கிதானா, இல்ல வேற எதையாவது கொண்டாந்து அந்த நம்பரப் போட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல துப்பாக்கியைக் கள்ளத் துப்பாக்கி ஆக்கிவிட்டிருக்கிறேன். என் கையில் டீ டம்ளர். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, குற்றம் சொல்கிற பார்வையும் இல்லை. நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை, அவ்வளவுதான். ஊர் முழுக்க மைக் வைத்துச் சொன்னவன் நான். நான்தான் செய்தேன் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை. நான் டம்ளருக்குள் பார்த்தேன்.

"நான்தானுங்க தேச்சேன்" என்றார் அண்ணன். "துரு புடிச்சிருந்துச்சுங்க. நம்பரும் நானே பதிச்சேங்க. தெரியாமப் பண்ணீட்டேன்."

ஏட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பெரிய மனுசரு, நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"வயசானவரு, விட்ருங்க" என்றேன். இதைச் சொன்னது நான்தான். அண்ணன் என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர்.

துப்பாக்கியை வைத்துக்கொண்டார்கள். உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். விசாரணைக்குத் தர்மபுரி கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். குழலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். எண் அழித்த வழக்காகப் போட்டால் ஜெயில்கூடக் கிடைக்கும் என்று வக்கீல் சொன்னார். என்னிடம் தனியாகச் சொன்னது வேறு: "லைசென்ஸ் இல்லாம ரிப்பேர் பண்ணதுக்கு உங்க பட்டறைக்கே சீல் வெப்பாங்க. அவரே ஒத்துக்கிட்டாரு, அப்படியே போவட்டும். உரிமதாரர்ங்கறதால அவருக்குக் கொஞ்சம் எரக்கம் பாப்பாங்க." அது எனக்கு வசதியாக இருந்தது. அண்ணனுக்கு நல்ல வக்கீல் வைத்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணி மட்டும் விடவில்லை. ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பிடச் சொல்லி இலையைப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"கொழுந்தனாரே, நம்மூட்டு ஆளுக்கு லேத்துன்னா என்னன்னு தெரியுங்களா?"

"ஏன் அண்ணி?"

"இல்ல, அவரு பதிச்சேன்னு சொல்றாரே. ஊசில நூலு கோக்க என் கண்ணு வேணும் அவருக்கு. நம்பரு பதிச்சாராம்."

"நான் பாத்துக்கறேன் அண்ணி. வக்கீலு சொல்லியிருக்கறாரு."

"பாத்துட்டுத்தான இருக்கறீங்க" என்று குழம்பை ஊற்றினார். "நல்லாச் சாப்பிடுங்க."

அண்ணன் அந்தப் பக்கம் உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். சங்கடத்தில் நான், "உனக்கு நல்ல ஏர்கன் ஒண்ணு வாங்கித் தரட்டுமாண்ணா" என்று கேட்டேன். "அதுக்கு நலங்கு வெக்க முடியாதுடா" என்றார்.

அடுத்து வந்த பொங்கலில் துப்பாக்கி இல்லை. எல்லைக் கல்லில் பட்டாசுக் கடை வெடி ஒன்றை வைத்தோம். விழாக் குழுத் தலைவர் என்பதால் திரி கொளுத்தியது நான். வெடித்தது. சாமி திரும்பியது. ஆனால் அண்ணன் வழக்கம் போல முன்னால் நடந்து வந்துவிட்டார், பழக்கத்தில். கையில் ஒன்றும் இல்லை. நடுவழியில் அது ஞாபகம் வந்து, ஓரமாக ஒதுங்கி நின்று, எல்லோரும் கடந்து போனபிறகு கடைசியில் சேர்ந்துகொண்டார். எல்லாவற்றையும் விட எனக்கு அதுதான் அடிக்கடி கண்ணுக்கு முன்னால் வருகிறது.

விசாரணைக்கு நாலைந்து தடவை அலைந்தார். காரில் வா என்றால் பேருந்து இருக்கிறது என்பார். கடைசி விசாரணைக்கு மட்டும் நானும் போனேன். வக்கீலுக்கு வேறு வேலை வந்துவிட்டது, அதனால். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். என்னையும் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். மேசைமேல் எங்கள் துப்பாக்கி கிடந்தது, அட்டை கட்டி.

"எந்த மெஷின்ல தேச்சீங்க பெரியவரே?"

"உப்புக்காகிதம் வெச்சுங்க."

"உப்புக்காகிதத்துல இவ்வளவு போவாதே. நம்பர் அடிக்கிற பஞ்சு எங்க வாங்குனீங்க?"

"சந்தையிலங்க."

"எந்தச் சந்தை?"

அண்ணன் நல்லம்பள்ளி என்று சொன்னார். அவருக்கு அங்கே மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கித்தான் பழக்கம். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு தெரியுது. யாரயோ காப்பாத்தறீங்க. இப்படி ஒரு ஆளு இருந்தா அவன் இது ஒண்ணோட நிறுத்தியிருக்க மாட்டான். உங்க வீட்ட, காட்ட எல்லாம் சோதன போடச் சொல்ல வேண்டியிருக்கும். கள்ளத் துப்பாக்கி செய்யற கும்பலோட உங்களுக்குச் சம்பந்தம் இருக்குதான்னு கேப்பாங்க."

அண்ணனின் கை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. நான் அப்போதும் பேசவில்லை. இதை மறைக்க மாட்டேன். அவருடைய வீட்டைப் போலீஸ் புரட்டப்போகிறது என்று காதில் விழுந்தும் நான் பேசவில்லை.

அதிகாரி சோதனை அறிக்கையை எடுத்துப் படித்தார். "குழலை ஒரு பக்கமாக் கன்னாபின்னான்னு தேச்சு, அந்தப் பக்கம் மெலிஞ்சு போயிருக்குது. இதுல முழு மருந்து போட்டுச் சுட்டிருந்தா குழல் கிழிஞ்சு, சுட்டவர் முகம் போயிருக்கும். எதோ வேலை தெரியாத கத்துக்குட்டி பண்ணது."

"கத்துக்குட்டியா?" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஏங்க, உள்ள இருக்கற வில்லப் பாத்தீங்களா? வாள் தகட்டுல செஞ்சதுங்க அது. அந்தப் பதத்துக்கு எடுக்க இந்த மாவட்டத்துல எத்தன பேருக்குத் தெரியும்? கத்துக்குட்டி செய்ற வேலையாங்க அது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு மற்றதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டி, என் கையாலேயே, அரைப் பக்கம் எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

வெளியே வந்து பேருந்து நிலையத்தில் டீ குடித்தோம். அந்த அறிக்கையில் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. நான் துண்டு வாங்கிக்கொண்டு மைக்கில் பேசிய அந்தப் பாரி வேட்டையில், மருந்து போட்டு, அந்த மெலிந்த குழலைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துச் சுட்டவர் அண்ணன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மொகம் போயிருக்கும்ங்கறாங்கண்ணா."

"அக்காங், கேட்டேன்" என்றார். டீயை ஊதினார். பிறகு, "அண்ணன ஜெயில்ல போடறேன்னப்ப உனக்கு வாய் வரல. வேலையச் சொல்லவும் வந்துருச்சு பாரு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். மழை வருமா என்று கேட்கிற மாதிரி.

ஊரில் இது வேறு கதையாகிவிட்டது. "அண்ணனுக்காகத் தானே போயி ஒத்துக்கிட்டாரு, இந்தக் காலத்துல யாரு செய்வா" என்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். நான் தலையை ஆட்டினேன். மறுக்கவில்லை. பக்கத்துப் பந்தியில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவரும் மறுக்கவில்லை. எனக்காகப் பொய் சொல்வது அவருக்கு அது இரண்டாம் தடவை.

அண்ணன் பெயரை விடுவித்து, எச்சரிக்கையோடு முடித்துவிட்டார்கள். என் பெயரில் வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்குப் போய் வருகிறேன், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் துப்பாக்கி திரும்பவில்லை. அந்தக் குழல் இனி மருந்து தாங்காது, யாரும் சுடக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அண்ணன் அதை அரசாங்கத்திடமே ஒப்படைப்பதாகக் கையெழுத்துப் போட ஒரு நாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். தாத்தா வாங்கிய நாளிலிருந்து எத்தனை மழை, எத்தனை மருந்து பார்த்து நின்ற குழல். ஒரு மத்தியானத்தில் நான் அதை முடித்துவிட்டேன்.

அந்த நாள் பேருந்திலேயே போனோம். கேட்டுக்குள் நுழையும்போது அண்ணன் அண்ணாந்து என் பெயர்த் தகட்டைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அதே ஏட்டு துப்பாக்கியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. அதை அண்ணன் கவனித்தாரா என்று தெரியாது.

குழல் முழுக்கத் துருப் புள்ளி. மெருகு போட்ட வெற்று இரும்பு அப்படித்தான், காற்றுப் பட்டாலே பூத்துவிடும். பழைய கருஞ்சிவப்பு இருந்திருந்தால் பூத்திருக்காது. அது துருவே அல்ல, காப்பு. இத்தனை வருசம் இரும்போடு கிடந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியும் வெள்ளைத் துணியும் எடுத்தார்.

"சார், ஒரு நிமிசம் தொடச்சுக் குடுத்தறேனுங்க. இப்படியே போவ வேண்டாம்."

"இனிமே எதுக்குப் பெரியவரே?" என்றார் ஏட்டு. ஆனாலும் தள்ளி நின்றார்.

அண்ணன் துணியில் தேங்காய் எண்ணெய் விட்டு, குழலின் வாயிலிருந்து ஆரம்பித்தார். பாதி தூரம் வந்து நிறுத்தினார். துணியை என் பக்கம் நீட்டினார்.

"அந்தப் பக்கம் நீ தொடை."

மெலிந்த பக்கம் அது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது. நான் துணியை வாங்கி, நான் பதித்த எண்ணின் மேல் இழுத்தேன். துருப் புள்ளி போகவில்லை. இன்னொரு முறை இழுத்தேன்.

"அழுத்தாதடா" என்றார் அண்ணன்.